தண்ணீருக்கு அடியில் பிறந்தவன்

பிளாஸ்டிக் உறையோடு வருகிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. உறைக்குள் தாள் இருக்கும். தாளின் அடியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டின்மேல் உன் கையெழுத்து வேண்டும் என்பார்கள். எழுபத்தொரு வயசில் நான் படித்த படிப்பு அவ்வளவுதான். இரண்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே போதும்.

அந்தத் திங்கட்கிழமை உறையோடு வந்தவள் அண்ணன் மகள். அதனால் கதவைத் திறந்தேன். உட்காரு என்று சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, நீங்க எங்க பொறந்தீங்க?"

"எங்க அம்மா வயித்துல."

"எல்லாரும் அங்கதான். நான் இடத்தைக் கேட்டேன்."

"எதுக்கு? எனக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "இருக்கறவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாத்தித் தரத் துப்பில்ல. இன்னொருத்தி கேக்குதா?"

அண்ணன் மகள் சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு குழாயில் தப்பான லேபிள் ஒட்டினால் ஒரு உயிர் போகும் என்று அடிக்கடி சொல்வாள். அந்த வேலை அவளுடைய முகத்திலேயே உட்கார்ந்துவிட்டது. உறையைத் திறந்து நான்கு தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஓரங்களைச் சரிசெய்தாள்.

விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும். அணையின் ஷட்டர்கள் துருப்பிடித்துப்போய்விட்டன. புதுசு மாற்றுவதற்காக நீர்த்தேக்கத்தை முழுக்க வடித்துவிட்டார்கள். அந்த அணையில் முப்பத்துநாலு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவன் நான். என் காலத்தில் ஒருநாள்கூட அது காலியானதில்லை. இப்போது அடியில் கிடந்த பழைய ஊர் வெளியே தெரிகிறது. வேடிக்கை பார்க்கப் போன இரண்டு பேர் இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் அணையைப் பார்த்துக்கொள்கிற துறையில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊரில் பிறந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு. கூட ஒரு ஆள் வரலாம். சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் புது ஷட்டரை இறக்குகிறார்கள். அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது, தண்ணீர்தான்.

பிறந்தவர்கள் யார் என்பதற்கு அந்தக் காலத்துப் பட்டியல்தான் ஆதாரம். அதில் என் பெயர் இருக்கிறது. அண்ணன் பெயர் இல்லை.

"அப்பா போகணும்னு சொல்றார்" என்றாள். "வாழ்க்கையில அவர் எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. இதைக் கேக்குறார். டாக்டர் இந்த வருஷத்தைத் தாண்டுறது கஷ்டம்னு சொல்லிட்டார்."

அண்ணனுக்கு நுரையீரல் போய்விட்டது. முப்பது வருஷம் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கினவர். மூச்சு விட்டால் காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி சத்தம் வரும்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அவள் முதல் தாளில் விரலை வைத்தாள். தண்ணீர் வருவதற்கு முன்னால் வீடு வீடாக அளந்து எழுதின பட்டியல். கதவு எண் அறுபத்தொன்று. அப்பா பெயர், அம்மா பெயர், மகன் ஒருவன், வயசு நாலு. அது அண்ணன். அந்தப் பெயரைச் சிவப்பு மையில் குறுக்கே அடித்து, மேலே என் பெயரை எழுதியிருந்தார்கள். பக்கத்தில் 'லைனில் பிறந்தவர்' என்று எழுதி ஒரு கையெழுத்து. லைன் என்பது ஊர் முழுகப்போகிறது என்று அரசாங்கம் மேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த தகர வீடுகள்.

"நாலு வயசு ஆளு, இன்னும் கட்டாத லைன்ல எப்படிப் பொறந்திருப்பார்?" என்றாள். "சரி, இதைப் பாருங்க. அப்பாவோட பள்ளிக்கூடப் பதிவு. பிறந்த இடம் பழைய ஊர்னு இருக்கு. இது மூணாவது. லைன்ல அம்மை குத்தின புத்தகம். மூணு மாசக் குழந்தை, கதவு அறுபத்தொண்ணு. நீங்கதான். இந்தத் தேதி, ஷட்டரை முதல்முதலா மூடி ஒரு வருஷம் ஆன பிறகு. நாலாவது உங்க வேலைப் பதிவேடு. பிறந்த இடம் பழைய ஊர். வயசுல அஞ்சு கூட்டிப் போட்டிருக்கு."

"கூட்டலா கழித்தலா, எனக்கென்ன தெரியும்?"

"அம்மை குத்தின தேதியையும் வேலைப் பதிவேட்டு இடத்தையும் சேத்துப் பாத்தா, நீங்க அறுபது அடித் தண்ணிக்கு அடியில பொறந்திருக்கணும். நீங்க என்ன சித்தப்பா, மீன் குஞ்சா?"

என் வீட்டுக்காரி உள்ளே சிரித்த சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு மாசமா இதைத்தான் பாத்துகிட்டிருக்கேன். எல்லாத்துலயும் கதவு அறுபத்தொண்ணு. எது தப்புன்னு புரியவே இல்ல. அப்புறம் அப்பாகிட்ட கதவைப் பத்திக் கேட்டேன். அப்பத்தான் தெரிஞ்சுது. எதுவுமே தப்பில்ல. கதவுதான் இடம் மாறியிருக்கு."

கண்டுபிடித்துவிட்டாள். கதவு இடம் மாறியது உண்மை. அளக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் தாரால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். காலி செய்யும்போது மரச்சாமான் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதால், ஊரே கதவைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. எங்கள் அப்பாவும் கைவண்டியில் கொண்டுவந்து லைன் வீட்டுக்கு மாட்டினார். லைனுக்கும் தனி எண் உண்டு. அதை ஒருத்தரும் சீண்டவில்லை. கதவில் இருந்த எண்ணைத்தான் சொன்னார்கள். எழுத வருகிறவனும் கதவைப் பார்த்துத்தான் எழுதினான். அண்ணன் பிறந்ததும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான், நான் பிறந்ததும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். அவர் பிறந்தபோது கதவு கீழே இருந்தது. நான் பிறந்தபோது மேலே இருந்தது.

"இதை அப்படியே எழுதிக் கொண்டுவந்திருக்கேன்" என்றாள். "நான் லைனில் பிறந்தவன், என் அண்ணன்தான் பழைய ஊரில் பிறந்தவர். அவ்வளவுதான். கூடப்பொறந்தவர் கையெழுத்துப் போட்டா அப்பா பேரைச் சேத்துடுவாங்க."

"போட்டா என் பென்ஷன் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"கையெழுத்து வாங்கற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எழுதியே வாங்கிட்டு வந்திருக்கேன் சித்தப்பா" என்று உறைக்குள் கையை விட்டாள். நான் உறையை அவள் பக்கம் தள்ளினேன். தள்ளின வேகத்தில் அது கீழே விழுந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல" என்றாள் குனிந்து எடுத்துக்கொண்டே. "அப்பா பேரை எதுக்கு அடிச்சாங்க? அவர்கிட்ட கேட்டா, அந்த ஆபீசருக்குச் சிவப்பு மை நிறைய இருந்துச்சுன்றார்."

நான் சமையலறைப் பக்கம் திரும்பி, காபி ஆச்சா என்று கேட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஊரை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கதவுக்கு ஒருத்தருக்கு அணையில் வேலை. பழைய ஊரில் பிறந்தவனாக இருக்கவேண்டும். இருபது வருஷம் கழித்துத்தான் அழைத்தார்கள். அப்போது அண்ணனுக்கு இருபத்துநாலு. தூரத்தில் செங்கல் சூளையில் இருந்தார். எனக்குப் பத்தொன்பது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெரியவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான், இந்த மண்டூகத்துக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. எழுதினவரிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "அறுபத்தொண்ணாம் கதவுக்குப் பின்னால பொறந்தவன் சார்." அதில் பொய் இல்லை. வயசில் ஐந்தைக் கூட்டினது மட்டும்தான் பொய்.

சரிபார்க்கிற அன்றைக்கு அண்ணன் சூளையிலிருந்து வந்துவிட்டார். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். நேராக மேசைக்குப் போய், அறுபத்தொண்ணு நான்தான் சார் என்றார். ஆபீசர் பட்டியலைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார். நான் உயரம். அண்ணன் குள்ளம், ஒல்லி. "இவன் யாரு?" என்று என்னைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார்.

நான் சொன்னேன். "எனக்குப் பின்னால பொறந்தவன் சார். லைன்ல பொறந்தவன். பட்டியல்ல இருக்கற நாலு வயசு நான். பேரை மாத்தி எழுதிட்டாங்க."

ஆபீசர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். மறுத்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருப்பார்கள்.

"அவர் சொல்றது சரிதான் சார்" என்றார் அண்ணன். "அண்ணே சொல்றதுதான் சரி."

என்னை அண்ணே என்று சொன்னார். ஆபீசர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான். முதல் இரண்டு வருஷம் அணையில் வேலை செய்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று கூப்பிட்டார். பிறகு வீட்டிலும் கூப்பிட்டார். என் கல்யாணத்தில் கூப்பிட்டார். அப்பா செத்தபோது, "அண்ணே, நீங்க முன்னால நில்லுங்க" என்றார். எல்லாரும் கேலி என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும் அது கேலி இல்லை என்று.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். அவள் போகப்போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலித்தனம் என்றுகூட நினைத்தேன்.

"எதுக்குக் கையெழுத்து, மண்ணாங்கட்டி?" என்றேன். "என் பேர்ல சீட்டு வாங்கறேன். கூட ஒரு ஆள் வரலாம்ல? உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். பாக்கத்தானே வேணும்? யார் பேர்ல பாத்தா என்ன?"

அவள் தாள்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள். "லேபிள் தப்பா இருக்கும்" என்றாள். பிறகு, "வேற வழி வெக்கலையே நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பிறந்தவர்களுக்கு நிலம் ஏதாவது தரப்போகிறார்களோ, அதற்குத்தான் அடிபோடுகிறாளோ என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு நோய் கண்ணுலயும் இல்ல, காலுலயும் இல்ல" என்றாள். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை வேன் பிடித்துப் போனோம். இரண்டு மணி நேர வழி. அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முகம் மழித்திருந்தார். கிடங்கு வேலையை விட்ட பிறகு அவரை அப்படிப் பார்த்ததில்லை. வழி முழுக்க மகளிடம் பேசிக்கொண்டே வந்தார், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. தெரு எந்தப் பக்கம் வளையும், யார் வீட்டு நாய் கடிக்கும், மண்ணெண்ணெய்க் கடைக்காரனுக்கு ஒரு காது கிடையாது. நாலு வயசில் பார்த்ததை அப்படியே வைத்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அணைக்குக் கீழே தகரக் கொட்டகை. மேசை, புத்தகம், ஒரு காவல்காரர். புத்தகத்தில் என் பெயரைத் தேடிக் கோடு போட்டார். பச்சை அட்டை ஒன்றை என் கழுத்தில் மாட்டினார். 'பிறந்தவர்.' வெள்ளை அட்டை ஒன்றை அண்ணன் கழுத்தில் மாட்டினார். அண்ணன் அதை நிமிர்த்திப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

"உடன் வருபவர்." காவல்காரரைப் பார்த்தார். "யார் கூட?"

"இவர் கூடத்தான் பெரியவரே."

"இவர் எங்க போறார்?"

"அவர் பொறந்த வீட்டைப் பாக்க."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மகள் முதுகைத் தடவினாள். இருமல் நின்றதும் அட்டையைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி, மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, நீங்க போய்ட்டு வாங்க. உங்க வீடு."

"அப்பா, ஒரு அட்டைதானேப்பா" என்றாள் மகள். "அரைமணி நேரம் மாட்டிகிட்டுப் போய்ட்டு வந்துடலாம்."

"அம்பத்திரண்டு வருஷமா மாட்டிட்டுத்தான்மா இருக்கேன். இன்னைக்கு ஒருநாள் கழட்டிக்கிறேனே."

வேனுக்குத் திரும்பி நடந்தார். பத்தடிக்கு ஒருதரம் நின்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காவல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க வர்றீங்களா, இல்லையா?" என்றார். திரும்பிப் போனால் ஏன் என்று கேட்பார். கேட்டால் எழுதுவார். எழுதினால் அது ஆபீசுக்குப் போகும். எனக்கு அதுதான் தோன்றியது. உள்ளே நடந்தேன்.

சேற்றுக்குமேல் பலகை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சுவர்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வெடித்த சேறு, சிப்பி, அறுந்த வலை. ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் வெறும் சந்து. எண்கள் எல்லாம் கதவோடு போய்விட்டன. முப்பத்துநாலு வருஷம் மேலே நின்று இந்தத் தண்ணீரைப் பார்த்தவன் நான். எத்தனை அடி ஏறியது, எத்தனை அடி இறங்கியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதில் எது எங்கள் வீடு என்று கேட்டால் தெரியாது.

மற்றவர்களுக்குத் தெரிந்தது. எண்பது வயசுக் கிழவி ஒருத்தி, பலகையிலிருந்து இறங்கி ஒரு மூலைக்கு நேராகப் போய்க் குந்திக்கொண்டாள். அடுப்பு இங்கே, தண்ணீர்த் தொட்டி இங்கே என்று தன்னோடு வந்தவளுக்குக் கை காட்டினாள். காமிரா வைத்திருந்த துறைப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, உங்க வீடு எதுங்க? போட்டோ எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

நான் கையை நீட்டினேன். எதையோ காட்டினேன். என்னை அங்கே நிற்கவைத்து, கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் அறுபத்தொன்று என்று எழுதிப் படம் எடுத்தான். "கொஞ்சம் சிரிங்கய்யா" என்றான். யாரோ ஒருத்தன் வீட்டில் நின்றுகொண்டு சிரித்தேன்.

வேனில் ஏறினதும் அண்ணன் முதல்தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"வாசல் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு படி. லேசா உடைஞ்சிருக்கு."

என் முகத்தையே பார்த்தார். "நம்ம வீட்டுக்குப் படி கிடையாது. தெருவும் வீடும் ஒரே மட்டம். மழை பெஞ்சா தண்ணி உள்ள வரும். அம்மா சாக்கை மடிச்சுப் போடுவா."

திரும்பிக்கொண்டார். வேன் கிளம்பியது. பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"அப்பா, உங்க பேரை அடிச்சது யாரு?"

"ஆபீசர்."

"யார் சொல்லி?"

"ஜன்னலைச் சாத்தும்மா. புழுதி வருது" என்றார் அண்ணன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுஷன் உங்களை அண்ணேன்னு கூப்பிடும்போதெல்லாம் நான் சிரிச்சிருக்கேன்" என்றாள். "பாவி, நான் சிரிச்சிருக்கேனே."

ராத்திரி சாப்பாடு போட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் மகள் போன் செய்தாள், எனக்கில்லை, என் வீட்டுக்காரிக்கு. விடியற்காலம் அண்ணனுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வீட்டுக்காரி புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் சட்டையைப் போட்டேன்.

"நீங்க அங்க வந்து என்ன பண்ணப்போறீங்க?" என்றாள்.

"நான் அங்க வரல."

துறை ஆபீஸ் இரண்டாவது மாடியில். மேசையில் ஒரு பெண், என் மகள் வயசு இருக்கும், ரப்பர் ஸ்டாம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டிச் சிவப்புக் கோட்டைக் கண்டுபிடித்தாள்.

"இதை யார் சொல்லி அடிச்சாங்கன்னு தெரியுமா?"

"நான் சொல்லி."

நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கதவு, லைன், சூளை, ஆபீசர் கேட்டது, நான் சொன்னது. படித்துக் காட்டினாள். கோட்டைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"பென்ஷனை எப்ப நிறுத்துவீங்க?" என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? நீங்க வேலை செஞ்சீங்க, அவங்க கொடுக்குறாங்க. ரிட்டயர் ஆன பிறகு இதையெல்லாம் யாரும் கிளற மாட்டாங்க பெரியவரே. அந்த மேடம் திங்கட்கிழமை காலையிலயே வந்து கேட்டாங்களே, உறையோட. சித்தப்பா பேச்சை நம்ப மாட்டார், எழுத்தா வேணும்னாங்க. நான்தான் எழுதி சீல் வெச்சுக் கொடுத்தேன். காட்டலையா?"

"காட்டினா" என்றேன். "நான் பாக்கல."

"அன்னைக்கே வந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள். திட்டவில்லை, ஸ்டாம்பைத் துடைத்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். "இன்னைக்கு ஆபீசர் சைட்ல இருக்கார். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் கையெழுத்து வாங்கித் தர்றேன். பன்னிரண்டு மணி வரைக்கும் செல்லும். கூட வர்றது யாரு?"

"நான்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்குச் சீட்டு கைக்கு வந்தது. பிறந்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். கூடவே இன்னொரு தாள், பட்டியலில் திருத்தம் செய்ததற்கு. சிவப்புக் கோட்டுக்குமேல் நீல மையில் 'கோடு செல்லாது' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அண்ணன் முகத்தில் முகமூடி, பக்கத்தில் சிலிண்டர். கண் திறந்திருந்தது. மகள் வேலை உடையிலேயே இருந்தாள். கீழே அவள் வேலை பார்க்கிற இடம், நடுவில் ஏறி வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரி சுவரோரமாக நின்றாள்.

இரண்டு தாள்களையும் அவரிடம் நீட்டினேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தேன். "திருத்திட்டாங்க" என்று மட்டும்தான் வந்தது. "நான் போய் எழுதிக் கொடுத்துட்டேன். எல்லாத்தையும்."

மகள் முதலில் வாங்கினாள். படித்தாள். திருத்தத் தாளின் பின்னால் என் வாக்குமூலத்தின் நகல் இருந்தது. அதையும் படித்தாள். 'நான் சொல்லி' என்ற இடத்துக்கு வந்துவிட்டாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மற்ற தாள்களை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

அண்ணன் கண்ணாடி கேட்டார். போட்டுவிட்டாள். எட்டாவது வரைக்கும் படித்தவர், எதையும் ஒரு எழுத்து விடாமல் படிப்பார். திருத்தத் தாளை முழுக்கப் படித்தார். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சீட்டைப் படித்தார். கீழ்வரிசைக்கு வந்ததும் நின்றார். முகமூடியை ஒரு கையால் விலக்கினார்.

"பேனா குடு."

மகள் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். குழாய்களில் லேபிள் எழுதுகிற மெல்லிசுப் பேனா. உடன் வருபவர் என்ற இடத்தில் இருந்த என் பெயரைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். கோடு நேராக விழுந்தது. அதற்குமேல் மகள் பெயரை எழுதினார். எழுதி முடிக்க நேரம் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மணி என்னம்மா?" என்றார்.

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணே காலுப்பா."

"அங்க போக?"

"ரெண்டு மணி நேரம்."

"ம்" என்றார்.

சீட்டை அவளிடம் கொடுத்தார். அவள் முகமூடியைச் சரியாக வைத்து, நாடாவைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஆஸ்பத்திரியின் பின்சுவரும் துணி வெளுக்கிற கொட்டகையும்தான் தெரிந்தன.

பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.